முதல் குலவை

சிங்கேனி
செவ்வாய், 5 செப்டம்பர் 2023

அன்புள்ள மாட்லோமோ,

பள்ளியின் விடைபெறும் நடனத்துக்கு நம் பிள்ளைகள் இருவரும் ஜோடியாக வரக் கூடாது என்று பள்ளி நிர்வாகக் குழு நேற்று மாலை முடிவு செய்திருக்கிறது. எனக்குச் சொன்னவர் குழுவின் செயலாளர். இன்று காலை நீதிமன்றத் தாழ்வாரத்தில் நேருக்கு நேர் சொன்னார். எழுத்தில் இன்னும் எதுவும் வரவில்லை.

நீங்கள் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் இதை கேப் டவுன் பஸ் ஓட்டுநர் மலுசியிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜூன் மாதம் வகுப்பில் ஜோடிப் பெயர் கேட்டார்கள். என் யம்கேலாவும் உங்கள் ஒல்வேதுவும் சேர்ந்து பெயர் கொடுத்தார்கள். வகுப்பாசிரியை எழுதிக்கொண்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. போன வருடமும் ஆண் துணை கிடைக்காமல் இரண்டு பெண்கள் சேர்ந்து போனார்கள். ஆடினார்கள், சாப்பிட்டார்கள், வந்தார்கள். இவர்கள் இருவரும் ஒரே கரும்பச்சைத் துணியில் தைக்கக் கொடுத்துவிட்டார்கள். யம்கேலாவுக்குக் கால்சட்டையும் கோட்டும், ஒல்வேதுவுக்கு நீளக் கவுன்.

ஆகஸ்ட் கடைசியில் எல்லாம் மாறியது. எப்படி மாறியது என்பதை இந்தக் கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை.

தலைமையாசிரியர் சிகொன்யேலாவைப் போய்ப் பார்த்தேன்.

"மாபேலே, நான் கெட்டவன் இல்ல. ரெண்டு பொண்ணுங்க சேந்து வரக் கூடாதுன்னு எங்கயும் ரூல் கிடையாது. தோழிங்களா வந்தா நானே வாசல்ல நின்னு கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"அப்ப என்ன தடை?"

"இவங்க தோழிங்க இல்லையே. ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நீங்க ரெண்டு அம்மாவும் குழு முன்னாடி வந்து, வெறும் தோழிங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முடிஞ்சுது."

"பிள்ளைங்க அப்படிச் சொல்ல மாட்டேங்கிறாங்களே."

"பிள்ளைங்க சொல்ல வேணாம். நீங்க சொன்னா போதும்."

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் முறையிடலாம். நம் நாட்டுச் சட்டம் பிள்ளைகள் பக்கம்தான் இருக்கிறது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் ஒல்வேதுவுக்கு நவம்பரில்தான் பதினெட்டு முடிகிறது. உங்கள் கையெழுத்து இல்லாமல் அவள் பெயரைச் சேர்க்க முடியாது. யம்கேலா பெயரில் மட்டும் கொடுத்தால் ஜோடி எங்கே என்று கேட்டு மூடிவிடுவார்கள். முறையீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். போலீஸ் நிலையத்தில் சத்தியம் செய்து முத்திரை வாங்க வேண்டும். பதினைந்தாம் தேதி கடைசி நாள். நடனம் இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை.

சுகிஸ்வா


கேப் டவுன்
சனி, 9 செப்டம்பர்

திருமதி மபாண்ட்லா,

உங்களை மாபேலே என்று குலப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உறவு நமக்குள் முடிந்துவிட்டது. அதனால் இப்படி எழுதுகிறேன்.

நீங்கள் கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவர். திருடன் சொன்னதையும் போலீஸ் சொன்னதையும் ஒரே குரலில் சொல்கிறவர். என் மகளைப் பற்றியும் அதே குரலில் எழுதியிருக்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன் என்கிறீர்கள். வரிசையில் முதலில் வர வேண்டியதை விட்டுவிட்டீர்கள். உங்களுக்கு எப்போது தெரியும்?

இங்கே நான் வேறு ஒருத்தியின் தாயைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைக்கிறேன். என் பிள்ளையை மைத்துனர் ம்ஸ்வாண்டிலே வீட்டில் விட்டிருக்கிறேன். சனி ஞாயிறு உங்கள் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாள் என்றார்கள். மாபேலே வீடுதானே என்று நிம்மதியாக இருந்தேன். மைத்துனர் மனைவி ஒல்வேதுவின் ஃபோனில் இருவரும் முத்தமிட்டுக்கொள்ளும் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அக்கா, உக்காந்துக்கிட்டுக் கேளுங்க" என்றாள். நான் நின்றுகொண்டுதான் கேட்டேன். குளியலறையில் கிழவியைத் தாங்கிப் பிடித்திருந்தேன். உட்கார முடியாது.

கையெழுத்துப் போட மாட்டேன். தாளைத் திருப்பி அனுப்புகிறேன்.

ஒரு வார்த்தை. தோழிகள் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? தலைமையாசிரியரே வழி காட்டுகிறார். நீங்கள் போய்ச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். உங்கள் நேர்மைக்காக என் மகள் ஊர் வாயில் விழ வேண்டுமா? நான் சொல்கிறேன், அவர்கள் வெறும் தோழிகள். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒல்வேது சாப்பிடுகிறாளா? மைத்துனர் அவளிடம் ஃபோனைக் கொடுப்பதில்லை. நான் கூப்பிட்டால் "படிக்கிறா அண்ணி" என்கிறார். எப்போது கூப்பிட்டாலும் படிக்கிறாள்.

கவுனுக்குக் கை வைத்திருக்கிறதா, இல்லையா?

நோலுபபாலோ சோகுடு


சிங்கேனி
செவ்வாய், 12 செப்டம்பர்

மாட்லோமோ,

நீங்கள் எப்படி அழைத்தாலும் நான் இப்படித்தான் எழுதுவேன்.

கேட்டதற்கு முதலில் பதில். சாப்பிடுகிறாள், குறைவாக. நேற்றுப் பள்ளி விட்டதும் யம்கேலாவோடு என் வீட்டுக் கேட் வரை வந்தாள். சித்தப்பா திட்டுவார் என்று உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகளைத் தின்றுவிட்டுப் போனாள். கவுனுக்குக் கை உண்டு, முழங்கை வரை.

எனக்கு மார்ச் மாதமே தெரியும். யம்கேலா பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவள் ஒல்வேது. "டிசம்பர்ல அம்மா வருவாங்க. முகத்தைப் பாத்து நானே சொல்றேன்" என்றாள். அது அவளுடைய விஷயம் என்று விட்டேன்.

இனி, போன கடிதத்தில் எழுத முடியாததை எழுதுகிறேன். ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை, பெண்கள் ஜெபக் கூட்டம். நானும் கூட்டத்தின் சீருடையான சிவப்புச் சட்டையில், மூன்றாவது வரிசையில் மண்டியிட்டிருந்தேன். வழக்கம்போல, கூட்டத்தை நடத்தும் மாக்வாதி ஒவ்வொருத்தியின் வேண்டுதலையும் உரக்கச் சொல்ல, நாங்கள் எல்லோரும் சேர்ந்து உரக்க ஜெபித்தோம். ஒருத்தியின் மகனுக்கு வேலை. இன்னொருத்தியின் கணவருக்குச் சர்க்கரை. அதற்குப் பிறகு மாக்வாதி, "ஆண்டவரே, கேப் டவுன்ல இருக்கிற எங்க சகோதரி மாட்லோமோ கண்ணீரோட கேக்கிறா. அவ மக ஒல்வேதுவை மாபேலே மக யம்கேலாகிட்ட இருந்து பிரிச்சு எடும்" என்றார்.

அந்த இடத்தில் எல்லோர் குரலும் எழ வேண்டும். அன்று எழவில்லை. மண்டியிட்டபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காது மந்தமான ஒருத்தி மட்டும் "ஆமென், ஆமென்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாக்வாதி தலைமையாசிரியரின் மனைவி. அது உங்களுக்கும் தெரியும். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். வேண்டுதலுக்குரியவரின் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்க வேண்டும் என்பது நாம் எல்லோரும் வைத்திருக்கும் வழக்கம். அடுத்த திங்கட்கிழமை காலை பிள்ளைகள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

தோழிகள் என்று ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். யம்கேலாவைக் கேட்டேன்.

"சொல்லும்மா. உள்ள போவோம், ஆடுவோம், ஃபோட்டோ எடுப்போம். அந்த ஃபோட்டோவை எப்பப் பாத்தாலும், நாங்க இல்லைன்னு எங்கம்மா சொன்னதுதான் ஞாபகம் வரும். பரவாயில்ல, சொல்லு" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் கோபப்படவில்லை.

தாளை மறுபடி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

சுகிஸ்வா


கேப் டவுன்
வியாழன், 14 செப்டம்பர்

மாபேலே,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதோடு இருக்கிறது. நாளைக் காலை பஸ் நிலையத்தில் மலுசி உங்கள் கையில் கொடுப்பார்.

பெயரைச் சொல்ல வேண்டாம் என்று மாக்வாதியிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. யார் பிள்ளை என்று ஆண்டவருக்குத் தெரிய வேண்டாமா என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாதா என்ன? உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அப்படி யோசிக்கிறேன்.

நேற்று ஒல்வேது கூப்பிட்டாள், யாருடைய ஃபோனிலிருந்தோ.

"அம்மா, எனக்காக ஜெபம் பண்ணச் சொன்னியாமே."

"ஆமா கண்ணு."

"என்ன நோய்னு சொன்னே?"

நான் கிழவியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"இல்லம்மா, தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன். யாரோ ஒருத்தர் புருஷனுக்குச் சர்க்கரைன்னு சொன்னாங்களாம். எனக்கு என்னன்னு சொன்னே?"

ஃபோன் கொடுத்தவர் திரும்பக் கேட்டிருப்பார். வைத்துவிட்டாள்.

இன்று கிழவி தூங்கும் நேரத்தில் போலீஸ் நிலையத்துக்கு ஓடினேன். கவுண்ட்டரில் இருந்த பையன் தாளை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தான்.

"என்னம்மா இது, கல்யாணத்துக்கா?"

"டான்ஸுக்கு."

"டான்ஸுக்கு எதுக்கும்மா சத்தியப் பத்திரம்?"

"எங்க ஊருக்கு வந்து கேளு தம்பி, எனக்கும் தெரியணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். முத்திரை குத்திக்கொண்டே அவன், "எங்க ஸ்கூல் டான்ஸுக்கு நான் எங்க பெரியம்மா பொண்ணைத்தான் கூட்டிட்டுப் போனேன். வேற யாரும் வரமாட்டேன்னுட்டாங்க. என்னை யாரும் ஒண்ணும் கேக்கல" என்றான்.

காலணியும் அனுப்பியிருக்கிறேன். வெள்ளி நிறம், பச்சைக்கு எடுப்பாக இருக்கும். போன டிசம்பரில் வாங்கிக் கொடுத்த அதே அளவு.

உங்கள் எண்ணைத் தடுத்திருந்ததை எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிட வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. எழுதுங்கள்.

நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இது எனக்கு இன்னும் புரியவில்லை. என் பிள்ளை வாசலில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

நோலுபபாலோ


சிங்கேனி
செவ்வாய், 19 செப்டம்பர்

மாட்லோமோ,

முறையீடு வெள்ளிக்கிழமை காலையிலேயே பதிவாகிவிட்டது. முத்திரையிட்ட நகல் என்னிடம் இருக்கிறது. பதில் எப்போது வரும் என்பதை நேற்றுத் திரும்பப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். சொன்னவர் அங்குள்ள எழுத்தர்.

"டான்ஸ் எப்பங்க?"

"இருபத்து மூணு."

"விசாரிக்கிற அதிகாரி பயிற்சிக்குப் போயிருக்கார். வெள்ளிக்கிழமைதான் வருவார். சனி, ஞாயிறு. திங்கள் அரசு விடுமுறை. செவ்வாய் இருபத்தாறு உங்களுக்குப் பதில் கிடைச்சிடும்."

"அதுக்குள்ள டான்ஸ் முடிஞ்சிடுமே."

"அதை முறையீட்டுல எழுதியிருக்கீங்களா?"

"முதல் வரியே அதுதான்."

"அப்ப அவர் பாப்பாரு."

சட்ட உதவி வழக்கறிஞரைக் கேட்டேன். நான் தினமும் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிற அதே ஆள். உயர் நீதிமன்றத்தில் அவசர மனு போட முடியுமா என்றேன். கையிலிருந்த வழக்குக் கட்டுகளைக் காட்டினார். "ஜெயிக்கிற கேஸ், மாபேலே. நேரம் இல்லாத கேஸ்" என்றார்.

தலைமையாசிரியரிடம் இன்னொரு முறை போனேன். "கல்வித் துறையிலிருந்து ஒரு வரி வரட்டும், அந்த நிமிஷமே கதவைத் திறக்கிறேன். என் கையில என்ன இருக்கு?" என்கிறார். துறையில் கேட்டால், பள்ளி விரும்பினால் இன்றே அனுமதிக்கலாமே என்கிறார்கள். இரண்டு பேருமே மரியாதையாகப் பேசுகிறார்கள். சண்டை போடக்கூட ஆள் கிடைக்கவில்லை.

குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர்களிடம் நான் தினமும் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: உனக்கு இந்த இந்த உரிமைகள் இருக்கின்றன. நீதிபதி சொல்வார், நான் நம் மொழியில் சொல்வேன். இந்த வாரம் அதைச் சொல்லும்போது, எதிரில் இருப்பவர் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது.

பிள்ளைகள் போவதென்று முடிவு செய்துவிட்டார்கள். வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றேன். "நாங்க போகலைன்னா அவங்களுக்கு ரொம்ப லேசாப் போயிடும்மா. போய் நிக்கிறோம், அவங்களே வாய் திறந்து போகச் சொல்லட்டும்" என்றாள் யம்கேலா.

ம்ஸ்வாண்டிலே தன் வீட்டிலிருந்து ஒல்வேதுவை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

காலணி வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு ஒல்வேது என் கேட்டருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சுகிஸ்வா


கேப் டவுன்
வியாழன், 21 செப்டம்பர்

மாபேலே,

மைத்துனரிடம் பேசினேன். "அண்ணி, நம்ம கேட்ல இருந்து இப்படி ஒரு ஜோடி போனா நாளைக்கு என் பொண்ணை எவன் கட்டுவான்?" என்றார். "உங்க பொண்ணுக்கு ஆறு வயசுதான் ஆகுது, அவளுக்கு முதல்ல பல்லு முளைக்கட்டும்" என்றேன். வைத்துவிட்டார்.

ஒல்வேதுவையும் உங்கள் முற்றத்திலிருந்தே அனுப்புங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் விரிப்பு போடுங்கள். தெருவைக் கூப்பிடுங்கள், வருகிறவர்கள் வரட்டும்.

ஒரு குறைதான் எனக்கு. பிள்ளை அலங்காரத்தோடு படியிறங்கும்போது பெற்றவள்தான் குலவையைத் தொடங்க வேண்டும். அவள் தொடங்காமல் வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நம் தெருவில் அது மாறியதே இல்லை. விடுப்புக் கேட்டேன். கிழவியின் மகள் மாதக் கடைசி வரை வெளிநாட்டில். மாற்று ஆள் இல்லை. தொடங்க ஆளில்லாமல் என் பிள்ளை எப்படி இறங்குவாள்?

சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறேன். ஸ்பீக்கரில் போட்டு உயர்த்திப் பிடியுங்கள். கிழவியிடம் முன்பே சொல்லிவிட்டேன், "அஞ்சு மணிக்கு நான் கத்துவேன், பயந்துக்காதீங்க" என்று. "தீ விபத்தா?" என்று கேட்டாள். "இல்ல, என் பொண்ணு" என்றேன்.

யாரிடமும் ஜெபிக்கச் சொல்லவில்லை. நானே வாய்க்குள் செய்துகொள்கிறேன், பெயர் சொல்லாமல்.

உங்கள் மாட்லோமோ


சிங்கேனி
ஞாயிறு, 24 செப்டம்பர்

மாட்லோமோ,

நேற்று மாலை பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடவில்லை. வாசலில் நானே நின்றேன். ஃபோனில் நீங்கள் கேட்டது பாதிதான், மீதியையும் எழுதுகிறேன்.

முற்றத்தில் விரிப்பு போட்டு நாற்காலிகள் வாங்கி வைத்திருந்தேன். பாதி காலியாக இருந்தன. ஜெபக் கூட்டத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள், சிவப்புச் சட்டை இல்லாமல். மாக்வாதி வரவில்லை. ஒரு தட்டு நிறைய கேக் கொடுத்தனுப்பியிருந்தார், துணி போட்டு மூடி, யாருக்கென்று சொல்லாமல். தெருவின் எதிர்ப்பக்கம் நிறையப் பேர் நின்றார்கள். சாலையைக் கடக்கவில்லை, வீட்டுக்கும் போகவில்லை.

யம்கேலா முதலில் வந்தாள். நான் தொடங்கினேன், கூட இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அடுத்து ஒல்வேது கதவருகே வந்தாள். ஃபோனை உயர்த்திப் பிடித்தேன். உங்கள் குரல் எழுந்ததும் இணைப்பு அறுந்துவிட்டது. அந்த அமைதியை நீங்கள் கேட்டிருக்க முடியாது, நாங்கள் கேட்டோம். யாரும் வாய் திறக்கவில்லை. உங்கள் எண் கிடைக்கவில்லை. ஒல்வேது ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்தபடி நின்றாள். "இறங்கும்மா, பரவாயில்ல" என்றேன். "அம்மா வரட்டும்" என்றாள். கவுனின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பிறகுதான் நீங்கள் மறுபடி கூப்பிட்டீர்கள். அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து உங்கள் குலவை தகரம் தேய்கிற மாதிரி வந்தது. அதற்கு முதல் பதில் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. யார் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

பள்ளி வாசலில் துணைத் தலைமையாசிரியர் நின்றார். எங்களுக்குப் பின்னால் மற்ற ஜோடிகளின் கார்கள் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தன. அவர் எங்கள் கார் ஜன்னலில் குனிந்து, மெல்லிய குரலில் பேசினார்.

"பிள்ளைங்களா, தோழிங்கன்னு சொல்லிடுங்க. நான் கேட்டேன்னுகூட யாருக்கும் தெரிய வேணாம். சொல்லிட்டு உள்ள ஓடிடுங்க."

மாட்லோமோ, நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன். ஒல்வேது முந்திக்கொண்டாள்.

"தோழிங்கதான் சார். அது மட்டும் இல்ல."

அவர் தரையைப் பார்த்தார். "அப்ப என்னால முடியாதும்மா" என்றார். பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நிற்கச் சொன்னார். நின்றோம்.

காரை வேலியோரம் நிறுத்திக் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள்ளே பாட்டு தொடங்கியது. வகுப்புப் பெண் ஒருத்தி தாளில் சுற்றிய இரண்டு தட்டுகளை வேலிக்கு மேலாகக் கொடுத்துவிட்டு ஓடினாள். ஒல்வேது காலணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். குதிகால் இரண்டும் உரிந்திருந்தன. "அம்மாகிட்ட சொல்லாதீங்க, கால் வளந்துடுச்சுன்னு" என்றாள். சொல்கிறேன், உங்களுக்குத் தெரிய வேண்டும். இப்போது அவளுக்கு ஒரு அளவு பெரியது வேண்டும்.

திரும்பி வரும் வழியில், "அம்மா, செவ்வாய்க்கிழமை போகலாம்னு பதில் வந்தா என்ன பண்றது?" என்று ஒல்வேது என்னைக் கேட்டாள்.

"ஃப்ரேம் போட்டு மாட்டலாம்" என்றாள் யம்கேலா. இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஒருத்தி மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். அது யார் என்று எழுத வேண்டாம் என்று விடுகிறேன்.

என் வீட்டில் உடை மாற்றியதும் ஒல்வேதுவைக் கொண்டுபோய் விட்டேன்; ம்ஸ்வாண்டிலே கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டார். கோட்டும் கவுனும் இங்கே என் வீட்டு நாற்காலியில் கிடக்கின்றன. அலமாரியில் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

நாளை விடுமுறை. முறையீட்டின் மீது வட்டார அலுவலகத்தின் முடிவு செவ்வாய்க்கிழமை, இருபத்தாறாம் தேதி, மாலைக்குள் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அலுவலகம் எட்டு மணிக்குத் திறக்கும். நான் அங்கே இருப்பேன்.

மாபேலே